சளித் தைலம்: அளவறிந்து காய்ச்சுவோம்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார், தெருவுக்கு நாலு குழந்தை இருமிக்கொண்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் நெஞ்சில் தடவும் சளித் தைலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நூலக நண்பர்கள் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். அந்தத் தைலத்தை வீட்டிலேயே செய்வது எப்படி? அது நமக்கு என்ன செய்யும், என்ன செய்யாது? யாருக்குத் தடவலாம், யாருக்குத் தடவவே கூடாது? இவைதான் இன்றைய பேச்சு.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். தேங்காய் எண்ணெயைக் கரண்டியில் சூடாக்கி, அதில் சூடத்தைப் போட்டுக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துவிடுவதை அறியாத வீடு இங்கே உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட எழவில்லை. நல்லது. அடுத்த கேள்வி. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு சூடம்? “ஒரு வில்லை” என்று ஓர் அம்மா சொல்கிறார். வில்லை பெரியதா, சின்னதா? கரண்டி தாளிக்கும் கரண்டியா, குழம்புக் கரண்டியா? குழந்தைக்கு ஆறு மாதமா, ஆறு வயதா? அம்மா சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு கிராம் எடையுள்ள வில்லையைப் பதினைந்து மில்லி எண்ணெயில் கரைத்தால், அந்த எண்ணெயில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கற்பூரம் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் விற்கும் விக்ஸ் டப்பாவின் முதுகைப் படித்துப் பாருங்கள். கற்பூரம் 4.8 விழுக்காடு, மெந்தால் 2.6, யூகலிப்டஸ் தைலம் 1.2 என்று போட்டிருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தடவாதீர்கள் என்றும் போட்டிருக்கும். ஆக, நாம் மென்மையானது என்று நம்பி, பச்சிளம் பிள்ளைக்குக் கரண்டியில் காய்ச்சும் எண்ணெய், கடை டப்பாவைவிடக் காரமானது! இதை எத்தனை வீடுகள் அறியும்?

சரி, இந்தப் பொருள்கள் எப்படிப்பட்டவை? மேசையைப் பாருங்கள். இந்தக் கண்ணாடிக் கல்வத்தில் இடப்பக்கம் இருப்பது மெந்தால், நாட்டு மருந்துக் கடையில் புதினாப்பூ என்று கொடுப்பார்கள். ஊசி ஊசியாக, பளபளவென்று இருக்கிறது. 42 டிகிரி சூட்டில்தான் உருகும். வலப்பக்கம் கற்பூரம். அது உருக ஏறத்தாழ 175 டிகிரி வேண்டும். இரண்டும் கெட்டி, இரண்டும் உலர்ந்தவை. அடுப்பு இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டையும் சம அளவு சேர்த்துக் குழவியால் மெல்ல அரைக்கிறேன். முன்வரிசைத் தம்பி, எழுந்து வந்து பார்த்துச் சொல்லுங்கள். ஓரத்தில் ஈரம் கசிகிறதா? கசிகிறது. இன்னும் நாலு சுற்று. ஊசிகள் சரிந்து மங்குகின்றன. இதோ, கல்வத்தைச் சாய்த்தால் ஓடுகிறது! எண்ணெய் போன்ற தெளிந்த திரவம்! இதில் மந்திரம் ஏதுமில்லை. தனித்தனியே இருக்கும்போது கெட்டியாக நிற்கும் இரண்டு பொருள்கள், கலந்தவுடன் ஒன்றின் படிகக் கட்டை மற்றொன்று குலைத்துவிடுவதால் உருகுநிலை சரிந்துவிடுகிறது. ஓமப்பூவையும் இதனோடு சேர்த்து அமிர்ததாரை என்று வைத்தியர்கள் வைத்திருப்பார்கள்.

இந்தக் கூட்டணிதான் உலகமெங்கும் தைலப் புட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ என்ற ஊரில், லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்ற மருந்துக் கடைக்காரர் 1890களில் ஒரு களிம்பு செய்தார். தம் மைத்துனரான விக் என்ற மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டினார். 1918இல் வந்த இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் அதை அமெரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் பக்கம் வாருங்கள். காசீநாதுனி நாகேஸ்வரராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார், பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆந்திர பத்திரிகா என்ற இதழையும் நடத்திய தேசபக்தர் அவர். ரங்கூனில் ஒரு சீன வைத்தியரின் குடும்பத்தில் பிறந்த புலித் தைலம் சிங்கப்பூரில் வளர்ந்தது. அதே சிங்கப்பூரில் 1928இல் தோன்றிய கோடாலித் தைலத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுமா? அக்கரையிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் சேலைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே அந்தச் சின்னப் புட்டிகள் இல்லாமல் இருந்ததுண்டா?

யூகலிப்டஸ் மட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1843இல் காட்டன் என்ற கேப்டன் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். விறகுக்காக நட்ட மரம், நாளடைவில் நமக்குத் தைலமரம் ஆகிவிட்டது. இன்றும் ஊட்டி, குன்னூர் பக்கம் போனால், இலையைக் கொப்பரையில் அடைத்து அடியில் விறகு எரித்துத் தைலம் இறக்கும் கொட்டகைகளைப் பார்க்கலாம். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து சொட்டும். தண்ணீர் கீழே நிற்கும், தைலம் மேலே மிதக்கும். அதை வழித்தெடுப்பார்கள். அந்தக் கொட்டகைக்குள் போனவருக்கு மூக்கடைப்பு என்ற சொல்லே மறந்துபோகும்!

மூக்கடைப்பு என்றேன். அது எதனால்? மூக்கு நிறையச் சளி இருப்பதால் என்று நினைக்கிறோம். எத்தனை முறை சிந்தினாலும் அடைப்புப் போகவில்லையே, ஏன்? மூக்கின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த சதை மடிப்புகள் இருக்கின்றன. கிருமியோடு உடல் போராடும்போது அந்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி, மடிப்புகள் வீங்கி, வழியை மறிக்கின்றன. படுத்தால் இன்னும் தேங்கும். அதனால்தான் இராத்திரி அடைப்பு கூடுகிறது.

இப்போது நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மெந்தால் அந்த வீக்கத்தை வற்றச் செய்வதில்லை. மூக்கு வழியே போகும் காற்றைக் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். மெந்தாலை முகர்வதற்கு முன்னும் பின்னும் காற்றின் அளவு ஒன்றுதான். ஆனால் முகர்ந்தவர்கள், “மூக்கு திறந்துவிட்டது” என்கிறார்கள். எப்படி? நம் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் வாயில் ஒன்று இருக்கிறது. குளிர்ந்த காற்று பட்டால் அது திறக்கும், மெந்தால் பட்டாலும் திறக்கும். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் ஆகிய இரு விஞ்ஞானிகளும் 2002இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக 2021இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாட்டி தடவிய புதினாப்பூவின் வேலையை விளக்க உலகத்துக்கு அத்தனை காலம் ஆயிற்று!

அப்படியானால் இது வெறும் ஏமாற்றா? இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், 2 முதல் 11 வயது வரை சளி பிடித்த 138 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. சிலருக்கு இந்த வகைத் தைலம், சிலருக்கு வெறும் வாசலின், சிலருக்கு ஒன்றுமே இல்லை. தைலம் தடவிய குழந்தைகள் நன்றாகத் தூங்கினார்கள், பெற்றோரும் தூங்கினார்கள். அவர்களில் சிலருக்குத் தோலிலும் கண்ணிலும் எரிச்சலும் இருந்தது. சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போகும். எந்தத் தைலமும் அதை ஒரு நாள்கூட முன்னதாக விரட்டாது. ஆனால் நோயாளிக்கு ஓர் இரவுத் தூக்கம் கிடைக்கிறது. நோயுற்ற வீட்டில் ஒரு தூக்கத்தின் அருமை தெரியாதவர்கள் இங்கே யாராவது உண்டா?

வாருங்கள், அடுப்பைப் பற்ற வைப்போம்.

தைலம் வீட்டில் காய்ச்சுகிறோம் என்றால் பச்சிலை வேண்டாமா? எனக்குப் பிடித்தவை இரண்டு: நொச்சி, கற்பூரவல்லி. வேது பிடிக்கும் பானையில் நொச்சியைப் போடாத கிராமம் இல்லை. தலையில் நீர் கோத்துக்கொண்டால் நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுக்கும் வழக்கமும் உண்டு. கற்பூரவல்லி தொட்டியில் வைத்தாலே மதிலைத் தாண்டி வளரும். கிள்ளி முகர்ந்தால் ஓம வாசனை அடிக்கும், ஓமத்தில் இருக்கும் சத்துகளின் உறவு அதிலும் இருப்பதால். துளசி சேர்ப்பதென்றால் சேருங்கள். ஆனால் வீட்டுக் கொல்லையில் முளைத்ததையெல்லாம் போட்டுக் கலக்காதீர்கள். எதனால் தோல் தடித்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

150 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 100 கிராம் இலை. எடை போட்டு எடுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன மின்தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இலையைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, நசுக்கி, எண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் வையுங்கள்.

இனி உங்கள் காதுக்குத்தான் வேலை. எண்ணெய் சலசலவென்று பேசும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிற சத்தம் அது. சத்தம் இருக்கும்வரை தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கும். அப்போது அடியில் கிடக்கும் இலை விழுதைக் கரண்டியில் எடுத்து ஆறவைத்து, இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். சேறு போல ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. மெழுகு போலத் திரண்டால் மெழுகு பதம். மணல் போல நறநறவென்று உதிர்ந்தால் மணல் பதம். நமக்கு மணல் பதம் வேண்டும், ஆனால் கருகிவிடக் கூடாது. சந்தேகமிருந்தால், ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்து, அடுப்பைவிட்டு எட்டிப் போய்க் கொளுத்துங்கள். சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் இல்லை. வெப்பமானி, ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் நம் வைத்தியர்கள் கண்டுவைத்த சோதனை இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. ஏன் இத்தனை கவனம்? தண்ணீர் ஒரு சொட்டு தங்கினாலும் புட்டிக்குள் பூஞ்சணம் பூக்கும். இலையைப் பச்சையாகப் போட்டு ஊறவைத்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வடிகட்டிய எண்ணெயில் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடமும் கதர்க் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். மெழுகுவத்தியை உடைத்துப் போடாதீர்கள், அது வேறு மெழுகு. தேங்காய் எண்ணெய் நம் ஊர் வெயிலில் தண்ணீராக ஓடுகிற பொருள், 24 டிகிரிக்கு மேலே கெட்டியாக நிற்காது. அதைத் தூக்கி நிறுத்துவது மெழுகுதான். மார்கழிக் குளிரில் 20 கிராமே போதும், சித்திரையில் 25 வேண்டும். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை இறக்கி, மெழுகை உருக்குங்கள். 65 டிகிரிக்குள் உருகிவிடும். நேராக அடுப்பில் வைக்க வேண்டாம். உருகியதும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவைத்து விரலால் தொட்டுப் பாருங்கள். வெண்ணெய் போல வழிந்து வந்தால் சரி.

இப்போது அடுப்பை அணையுங்கள். அணைத்துவிட்டீர்களா? ஏன் கேட்கிறேன் தெரியுமா? அடுத்துப் போடப்போகிற மூன்றும் ஆவியாகிப் பறப்பவை, தீப்பற்றுபவை. கொதிக்கும் எண்ணெயில் போட்டால் காரம் முழுக்க உங்கள் கண்ணுக்குப் போகும், தைலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பாத்திரத்தின் ஓரம் வெள்ளையாகப் படியத் தொடங்கும்போது, சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கற்பூரம் 5 கிராம், புதினாப்பூ 3 கிராம், யூகலிப்டஸ் தைலம் 2 கிராம் போட்டு, மரக்குச்சியால் கலக்குங்கள். மொத்தம் 135 கிராம். கற்பூரம் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் கீழே நிற்கிறது. நிற்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தால் சீக்கிரம் கேட்குமே” என்று ஒரு குரல் உங்களுக்குள்ளே எழும். அந்தக் குரலுக்குச் செவி கொடுக்காதீர்கள்.

பூஜைச் சூடத்தைப் போடலாமா? கூடாது. அது எரிப்பதற்கென்று செய்தது, உடம்பில் தேய்க்கும் தூய்மை அதற்கு உண்டு என்று யாரும் உறுதி தருவதில்லை. மருந்துக் கடையில் ‘ஐ.பி.’ என்ற தரக்குறி போட்ட கற்பூரம் கேட்டு வாங்குங்கள். மூட்டுவலிக்கு ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலத்தையும் இதில் ஊற்ற வேண்டாம். அது ஆஸ்பிரின் குடும்பம், அதன் வேலை வேறு.

உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஆறிய பிறகு மூடுங்கள். முதல் நாள் முன்கையின் உட்புறம் துளி தடவி, மறுநாள் தடிப்பு இல்லையென்றால் பயன்படுத்துங்கள். நெஞ்சிலும் தொண்டையின் வெளிப்புறத்திலும் முதுகிலும் பூசி, மேலே தளர்வான பருத்தித் துணி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணைத் தொடுங்கள். மூக்குத் துளைக்குள் வேண்டாம். மூக்குக்குக் கீழேயும் வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூக்கடியில் தடவியதும் மூச்சுத் திணறல் வந்த கதையை அமெரிக்க மருத்துவர்கள் 2009இல் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த நெடியே இழுப்பைக் கிளப்பலாம். அவர்களும், பிள்ளைத்தாய்ச்சிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். தைலத்தை வெந்நீரில் போட்டு வேது பிடிப்பதும் ஆகாது. ஆவி பிடிக்கும் பானை கவிழ்ந்து வெந்துபோகிற பிள்ளைகளின் துயரம் போதும்.

குழந்தைகளுக்கு வருகிறேன். இங்கேதான் நான் குரலை உயர்த்தப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கற்பூரம் தோல் வழியே உடம்புக்குள் போகும். பிள்ளைத் தோல் மெல்லியது, போனதை முறித்து வெளியேற்றும் வலு அந்தச் சின்ன ஈரலுக்கு இன்னும் வரவில்லை. வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் கற்பூரம் சிறு குழந்தையின் உயிரைப் பறித்த மருத்துவப் பதிவு உண்டு. நூற்றுக்கு இருபது பங்கு கற்பூரம் கலந்த எண்ணெயை, விளக்கெண்ணெய் என்று நினைத்து ஊட்டிவிட்ட விபத்துகள் அமெரிக்காவில் தொடர்ந்து நடந்ததால், 1982இல் அந்த எண்ணெயையே அங்கே தடை செய்தார்கள். தாய்மார்களே, இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு இந்தத் தைலம் வேண்டாம். கரண்டியில் கரைக்கும் சூட எண்ணெயும் வேண்டாம். இரண்டு முதல் ஆறு வரை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதிலேயே பாதி காரம் போதும்.

“அப்படியானால் கைக்குழந்தைக்கு என்னதான் செய்வது?” என்று கேட்பீர்கள். மருத்துவர் எழுதித்தரும் உப்புநீர்ச் சொட்டு இரண்டு மூக்கில் விட்டு, பாலை அடிக்கடி கொடுத்து, தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைத் தடவித்தான் ஆக வேண்டுமென்றால் தடவுங்கள், பாட்டியின் கைக்கு ஆறுதல் கிடைக்கும், பிள்ளைக்கும் கிடைக்கும். அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அது தைலத்தின் வேலை அல்ல. அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. புட்டியில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். காய்ச்சிய தேதி, என்னென்ன போட்டீர்கள், ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று தெளிவாக எழுதுங்கள். ‘உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில், விளக்கெண்ணெய்ப் புட்டிக்கும் இருமல் மருந்துக்கும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். மீறி ஒரு குழந்தை விரலால் வழித்து வாயில் வைத்துவிட்டால், தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108ஐ அழையுங்கள், புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் கேட்பது, “இதில் கற்பூரம் எவ்வளவு?” என்பதுதான். நீங்கள் ஒட்டிய காகிதம் அதற்குப் பதில் சொல்லும்.

கேள்விகள் இருந்தால் இங்கேயே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.